லைனுக்கு ஒரு பத்திரிகை

ஹலோ... ஆங், புஷ்ரா! சொல்லுடி... சௌமியாதான், என் போனை வேற யாரு எடுப்பா?... ஆமா, தையல் மெஷின் சத்தம்தான். இரு, நிறுத்தறேன்... ஆங், இப்ப கேக்குதா?

இல்லல்ல, தொந்தரவுல்லாம் இல்ல. உன் பேரு போன்ல வர்றப்போ உன்னைத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்... நிஜமாத்தான்டி! அன்னிக்கு வேலூர் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து உனக்குப் போன் பண்ணேனே, ஞாபகம் இருக்குதா? தாரணியை டாக்டர்கிட்ட காமிச்சிட்டு வந்து... ஆமா, ரெண்டு வருஷம் ஆயிடுச்சி. அவளுக்கு அப்போ நாலு வயசு. "ஆட்டிசம்னு சொல்லிட்டாங்கடி"ன்னேன். நீ, "அதுக்கு இன்னா மருந்து"ன்னே. "மருந்துல்லாம் இல்லியாம்"ன்னேன். "அப்ப எத்தினி நாள்ல சரியாவும்"ன்னே. "சரியாவுற நோவு இல்லியாம் புஷ்ரா, அவ அப்டித்தானாம், நாமதான் அவளுக்குப் பழகணுமாம்"ன்னேன். அப்பறம் சொன்னே பாரு... "வுடுடி, ஆம்பூர்ல பொறந்துட்டு தோல் நாத்தத்துக்கே பழகிட்டோம், ஒரு கொழந்தைக்குப் பழக மாட்டமா"ன்னு... நீதான்டி சொன்னே! நான் அழுதுக்கினே சிரிச்சேன். பக்கத்துல வேர்க்கடலை வித்துக்கினு இருந்தவரு பயந்து ரெண்டடி தள்ளிப் போய்ட்டாரு...

ம்... ம்... சரி சரி, கல்யாண வூடு, உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். நீ கேக்க வந்ததைக் கேளு.

ப்ளவுஸா? ஒம்பதுல ஏழு முடிஞ்சிது. ரெண்டுக்கு ஊக்கு வெக்கணும், அவ்ளோதான்... நிஷாவோடது மொதல்லயே முடிச்சிட்டேன். கல்யாணப் பொண்ணோடதைப் போய்க் கடைசில வெப்பேனா? அந்தக் கல்லு வெச்ச பார்டரு இருக்குதே, ஒவ்வொரு கல்லா ஒதுக்கி ஒதுக்கி ஊசி வுட்டேன். உன் தங்கச்சிக்குன்னுதான் செஞ்சேன், வேற யாராச்சும்னா திருப்பிக் குடுத்திருப்பேன்... உன்னோடதும் ஆச்சி. உன் அளவு எனக்குத் தெரியாதா? ஷூ கம்பெனியில எட்டு வருஷம் பக்கத்து மெஷினு. ஷூ தெச்ச கை, ப்ளவுஸ் தெக்காதா...

உங்க பெரியம்மா சாபிரா காலாவோடதுதான் பெரிய பேஜாரு. அளவு ப்ளவுஸுன்னு குடுத்து அனுப்பினாங்களே, அது அவங்க கல்யாணத்துல போட்டதாடி?... சிரிக்காதே! நிஜமாத்தான் கேக்கறேன். அந்த ப்ளவுஸுல அவங்க கை ஒண்ணுதான் இப்ப நுழையும்... நானா ரெண்டு இன்ச்சு ஜாஸ்தி வெச்சி வெட்டிட்டேன். அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாதே. "அளவு கரெக்டா இருந்துதாம் காலா"ன்னு சொல்லிடு, சந்தோஷப்படுவாங்க.

வியாழக்கெழம சாயங்காலம் எல்லாம் ரெடியா இருக்கும். ஞாயித்துக்கெழமதானே நிக்காஹ், நடுவுல ரெண்டு நாள் இருக்குது. பிடிச்சிது, லூசா இருந்துதுன்னா பிரிச்சித் தெச்சிக்கலாம்... யாரு வர்றா வாங்கிக்க?... முஜாஹித்தா. உன் தம்பிக்கு எத்தினி வேலைடி... இல்ல, நீ வருவியோன்னு... சும்மா கேட்டேன். சரி சரி. முஜாஹித்தையே அனுப்பு.

இரு... தாரணி, வேணாம்மா. அது அம்மா மெஷினு. உன் மெஷினு அங்க... அங்க பாரு... ஆங், சமத்து... ஒண்ணுமில்லடி, மெஷின் வீலைச் சுத்திக்கினே இருப்பா. வுட்டா காலைல இருந்து பொழுதுபோற வரைக்கும் அது சுத்தறதைப் பாத்துக்கினே உக்காந்திருப்பா... ஊசி இருக்குதேன்னு எனக்கும் பயந்தான். அதான் ஊசி, பெல்ட்டு எல்லாம் கழட்டிட்டு ஒரு பழைய மெஷினை அவளுக்குன்னே வெச்சிட்டேன்.

பேசறா பேசறா. முப்பத்தி ரெண்டு வார்த்தை... எண்ணி நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்டி. முப்பத்தி ரெண்டாவது இன்னா சொல்லு... "நிசா"! ஆமா, உன் தங்கச்சி பேருதான். போட்டோவைக் காமிச்சிக் காமிச்சி... எதுக்கா? சும்மாதான்...

நாங்களா? நல்லா இருக்கோம்... நல்லாத்தான் இருக்கோம்... ம். செல்வம் டேனரிக்குப் போயிருக்காரு. ரெண்டு ஷிப்டு சேத்துப் பாக்கறாரு. வருவாரு, குளிப்பாரு, பொண்ணு தூங்கறதைக் கொஞ்ச நேரம் பாத்துக்கினு உக்காருவாரு. ஆட்டிசம்ங்கற அந்த வார்த்தையை இன்னிக்கு வரைக்கும் அவரு வாயால சொன்னதில்ல புஷ்ரா. "அவ விஷயம்"பாரு. "அவ விஷயமா லீவு போடணுமா"ன்னு கேப்பாரு. அவ்ளோதான்... அத்தை வாலாஜாவுக்கே போய்ட்டாங்க, பெரிய புள்ள வூட்டுக்கு. நான் போனைக் காட்டிக் காட்டி கொழந்தையைக் கெடுத்துட்டேனாம்... ம், டாக்டர் அப்டி இல்லன்னு சொல்லிட்டாங்கதான். டாக்டர் சொன்னா அத்தை கேப்பாங்களா?

ஆளா? ஆள் யாருடி வர்றா. நேத்து கரண்டு ரீடிங் எடுக்க ஒருத்தர் வந்தாரு. "வெயில்ல வந்திருக்கீங்க, உக்காந்து மோரு குடிச்சிட்டுப் போங்க"ன்னு அவரைப் புடிச்சி வெச்சிக்கினேன். பாவம், "அடுத்த வூட்டுக்குப் போவணும்மா"ன்னு மூணு வாட்டி சொன்னாரு... நீ சிரிக்கணும்னுதான் சொன்னேன், நீ இன்னா "ச்சு" கொட்றே...

வேலூர்ல தெரபி வாரத்துக்கு ரெண்டு நாளு. அங்க மாசம் ஒருவாட்டி அம்மாங்களுக்குன்னு கூட்டம் வெக்கறாங்க. அதுதான் எனக்கு வெளில போறதுன்னு இருக்கற ஒண்ணு... நல்லா இருக்கும்டி. யாரும் யாரையும் மொறைக்க மாட்டாங்க. ஒரு கொழந்தை தரையில படுத்து உருண்டா, நாங்க பாட்டுக்குத் தாண்டிப் போய் டீ எடுத்துக்குவோம். போன மாசம் அந்த மிஸ்ஸு ஆளுக்கு ஒரு பேப்பர் குடுத்தாங்க. நடுவுல கொழந்தை பேரு. "திடீர்னு ஒரு மணி நேரம் வெளிய போவணும்னா இந்தக் கொழந்தையை யார்கிட்ட வுட்டுட்டுப் போவீங்க? அவங்க பேரைச் சுத்தி எழுதுங்க"ன்னாங்க. காவேரிப்பாக்கத்துல இருந்து ஒருத்தங்க வருவாங்க, நாத்து நடற வேலை செய்யறவங்க. பத்துப் பேரு எழுதினாங்க புஷ்ரா! பால்காரர் பேருகூட எழுதினாங்க.

நானா? ஒரு பேரு எழுதினேன்... யாரு பேரா? உன் பேருதான்டி, வேற யாரு பேரு எழுதுவேன்... மத்தவங்கள்லாம் பேனாவுல எழுதினாங்க. நான் பென்சில்ல எழுதினேன்.

சரி, அது கெடக்குது. நீ இன்னாமோ சொல்ல வந்தியே.

சொல்லு... ஞாயித்துக்கெழமயா?... ஆங்... ஆங்... கேரியரா... பெரிய கேரியரு... மூணு பேருக்கும்... மட்டன் பிரியாணி, கத்திரிக்கா, பிரெட் அல்வா... ம்... பந்தி போடறதுக்கு முன்னாடியே, மொத தேக்சா அண்டாவுல இருந்து எடுத்து... சரி... முஜாஹித் பன்னெண்டு மணிக்கே கொண்டாந்துடுவான்... சரி... சரி... ரொம்ப சந்தோஷம்டி... ஆமா, எனக்குக் கஷ்டம் இருக்கக் கூடாதுன்னுதான்... புரியுது... ஆமா... ஆமா.

ஒண்ணும் இல்ல. ஊசியில நூலு கோத்துக்கினு இருக்கேன்.

பத்திரிகையா?... கம்பெனியில நம்ம தையல் லைனுக்குக் குடுத்தேன்றியா... தெரியும். செல்லம்மா அக்கா சொன்னாங்க. தவ்ஃபீக் சூப்பர்வைசரு டீ டைம்ல நின்னு படிச்சாராமே... தெரியும்டி, எனக்குத் தெரியாதா நம்ம கம்பெனி வழக்கம்? யார் வூட்டுக் கல்யாணம்னாலும் லைனுக்கு ஒரே பத்திரிகை. கவர் மேல எல்லார் பேரையும் எழுதணும், ஒவ்வொரு பேரா சத்தமா படிக்கணும், அப்பறம் பஞ்ச் மெஷின் பக்கத்துல ஒட்டணும். பெருக்கற அம்மா பேருகூட வுட்டுடக் கூடாது. எட்டு வருஷம் எல்லா கவர்லயும் என் பேரு இருந்துது. உன் பேருக்குக் கீழேயே இருக்கும்.

உன் கவர்ல இருபத்தி மூணு பேராம். செல்லம்மா அக்கா எண்ணியிருக்காங்க.

நான் லைன்ல இல்லியேடி. தாரணிக்காக நான் வேலையை வுட்டு ரெண்டு வருஷம் ஆச்சி. அந்தப் பத்திரிகையில நான் எப்டி வருவேன்?... மறந்துட்டேன்றியா... ம்... மறந்துட்டியா புஷ்ரா?

நீ மறக்கல. ஒம்பது ப்ளவுஸுக்குத் துணி அனுப்பறப்போ ஞாபகம் இருந்துதே... கோவம் இல்ல. என் கொரலு அப்டித்தான் ஆயிடுச்சி, நாள் முழுக்க யார்கிட்டயும் பேசாம இருந்து இருந்து.

இரு... தாரணி, தண்ணியா? தண்ணி அந்தச் செவப்பு கிளாஸ்ல... ஆங், குடி. கீழ வெச்சிடு... ம், சொல்லு.

உன் பையன் ஆமிர் குர்ஆன் ஓதி முடிச்ச விருந்தா?... நீயே அந்தப் பேச்சை எடுத்துட்டே. சரி, பேசிடுவோம். நான் ஒரு வருஷமா அதை எடுக்கல... ஆமா, மைக்கு கீச்சுன்னு கத்துச்சி. அவ காதைப் பொத்திக்கினு வீல்னு கத்தினா, டேபிள் துணியைப் புடிச்சி இழுத்தா, சர்பத் ஜக்கு கீழ வுழுந்துது. வுழுந்ததெல்லாம் எனக்கு வருத்தம் இல்ல. நானே தொடச்சிட்டிருப்பேன். சாபிரா காலா சொன்னாங்க பாரு, "இந்த மாதிரி புள்ளையை எதுக்கு நாலு பேரு வர்ற எடத்துக்குக் கூட்டியார்றது"ன்னு... எனக்குக் கேட்டுதுடி. உனக்கும் கேட்டுது. கையில பிரியாணி பேசினை வெச்சிக்கினு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுக்கினு இருந்தே. நீ ஒண்ணும் சொல்லல.

இல்ல, உன்னைத் தப்பு சொல்லல. பெரியவங்களை எதுத்துப் பேச முடியாதுதான். நான் அவளைத் தூக்கிக்கினு வந்துட்டேன். வெறுங்காலோட. செருப்பைத் தேடக்கூட நிக்கல. மே மாசம், மத்தியானம் ஒரு மணி, தார் ரோடு. என் காலு பொத்துப் போச்சி. மறுநாளு நீ வருவேன்னு நெனச்சேன்.

செருப்பு வந்துது. ஒரு கவர்ல போட்டு முஜாஹித்துகிட்ட குடுத்து அனுப்பினே.

அப்பறம் பக்ரீத்துக்குக் கேரியர் வந்துது. ரம்ஜானுக்கு வந்துது. ரெண்டு வாட்டியும் கழுவி, வெறும் பாத்திரமா அனுப்பக் கூடாதுன்னு சக்கரை போட்டு அனுப்பினேன். நீ போன் பண்ணி "சாப்டியா"ன்னு கேட்டே. நான் "ரொம்ப நல்லா இருந்துதுடி"ன்னேன். நெஜமாவே நல்லாத்தான் இருந்துது. ஆனா அதுக்கு முன்னாடி எல்லா ரம்ஜானுக்கும் உங்க வூட்ல தரையில தஸ்தர்கான் துணி விரிச்சி, உங்கம்மா பக்கத்துல என்னை உக்கார வெச்சி, நீங்க எல்லாரும் என்னை "தின்னு தின்னு"ன்னு... இங்க நான் நின்னுக்கினே சாப்ட்டேன் புஷ்ரா. அடுப்புகிட்ட நின்னுக்கினு.

அழாதேடி... ஏய், அழாதே. கல்யாண வூட்ல அழக் கூடாது. உங்கம்மா கேட்டா இன்னான்னு நெனப்பாங்க... ஆங்?... எல்லாரும் பாப்பாங்களேன்னா... எனக்கு மறுபடியும் மனசு நோவக் கூடாதேன்னா... ம்... ம்... அதான் கூப்பிடலியா... சரி. இப்ப சொன்னியே, இது நெஜம். மறந்துட்டேன்னு சொன்னதை வுட இது எவ்ளோ நல்லா இருக்குது.

பாக்கட்டுமேடி. பாக்கறதுல இன்னா இருக்குது? கொஞ்ச நேரம் பாப்பாங்க, அப்பறம் பிரியாணி வந்துடும், பிரியாணியைப் பாப்பாங்க... சிரிச்சிட்டியா? அப்பாடா.

யாரோ கூப்பிடறாங்களா?... பந்தல்காரரா... இரு, வெக்காதே. ரெண்டு நிமிஷம் அவரை நிக்கச் சொல்லு. வெச்சிட்டேன்னா இதை நான் மறுபடி சொல்ல மாட்டேன்... ஆங், போய்ட்டாரா... ஒண்ணு சொல்றேன். பைத்தியம்னு நெனக்காதே.

அந்த மஹாலுக்கு நானும் தாரணியும் மூணு தடவ போய்ட்டு வந்துட்டோம்... நிஷா கல்யாண மஹாலுக்குத்தான், வேற எதுக்கு... சாயங்காலத்துல, கல்யாணம் எதுவும் இல்லாத நாளாப் பாத்து. அந்த மிஸ்ஸு சொல்லிக் குடுத்தாங்கடி, புது எடத்துக்குத் திடீர்னு கூட்டிக்கினு போவக் கூடாது, முன்னாடியே காமிச்சிக் காமிச்சிப் பழக்கணும்னு. படம் வெச்சிருக்கேன். ஆட்டோ, மஹால் கேட்டு, நாற்காலி, சாப்பாடு, வூடு. அஞ்சு படம். அதுல நடுவுல நிஷா போட்டோ... அதான் "நிசா"ங்கறா.

மொத நாளு கேட்டுக்கு வெளியவே நின்னுட்டுத் திரும்பிட்டோம். ரெண்டாவது நாளு படிக்கட்டு வரைக்கும். நேத்து உள்ளயே போய்ட்டோம். வாட்ச்மேன் ஒரு பெரியவரு, சுப்பராயன்னு பேரு. "யாரு வூட்டுக் கல்யாணம்மா"ன்னாரு. "எங்க தோஸ்த் வூட்டுக் கல்யாணம்"னேன். "போங்க, பாருங்க"ன்னு ஃபேனைப் போட்டு வுட்டாரு... நல்லவேளை, பத்திரிகை எங்கன்னு கேக்கல.

முந்நூறு நாற்காலி இருக்கும். நாங்க ரெண்டே பேரு. கதவு பக்கமா, கடைசி வரிசையில, ஸ்பீக்கருக்குத் தள்ளி ஒரு எடம் பாத்து அவளை உக்கார வெச்சேன். காதுக்கு சத்தம் கேக்காத ஹெட்போன் வாங்கியிருக்கேன், மாட்டிக்கினா. ஃபேன் சுத்தறதைப் பாத்து அப்டி ஒரு சிரிப்பு புஷ்ரா... கால் மணி நேரம் இருந்தா. போதும்னு தோணின ஒடனே "வூடு" படத்தை எடுத்து என் கையில குடுத்தா. கத்தல, அழல. எழுந்து வந்துட்டோம். கல்யாணத்தன்னிக்கும் அப்டித்தான் செய்வா. அரை மணி நேரம் உக்காருவோம், அவ படத்தை எடுத்தா கெளம்பிடுவோம். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

எதுக்குப் போனேன்னா?... கூப்பிடாமலேயான்னு கேக்கறியா... கூப்பிடுவேன்னு நெனச்சேன்டி. உங்க வூட்ல ருக்கான்னு சொல்லுவீங்களே, அந்தக் கல்யாணப் பத்திரிகை, துணி வந்த கவர்லயே இருக்கும்னு நெனச்சேன். ஒம்பது துணியையும் ஒவ்வொண்ணா உதறிப் பாத்தேன்... ஆமா. ரெண்டு தடவ உதறினேன்.

பரவால்லன்னு வுட்டுடலாம்னுதான் இருந்தேன். செல்வம் இருக்காரே, அவரு அலமாரியில இருந்து சட்டை ஒண்ணை எடுத்து இஸ்திரி போட்டு வெச்சிருக்காரு. என்னை ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல. கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு அழைப்பா? எங்கம்மா இருந்தா திட்டுவாங்க, கூப்பிடாத வூட்டுக்கு இன்னாத்துக்கு வழி கேக்கறேன்னு...

புஷ்ரா?... ஹலோ... ஹலோ, கட்டாயிடுச்சா?... ஆங், இருக்கியா. இல்ல, நீ பேசாதே. நீ எதாச்சும் பேசினா நான் "பரவால்லடி"ன்னு சொல்லிடுவேன். ஒரு வருஷமா அதைத்தான் சொல்லிக்கினு இருக்கேன். பரவால்ல இல்ல. எனக்குப் பரவால்ல இல்ல, புஷ்ரா.

கேரியர் வேணாம். முஜாஹித்தை அனுப்பாதே. வியாழக்கெழம நீயே வா. வந்து, எங்க வூட்டுக்குள்ள உக்காரு. தாரணியைப் பேர் சொல்லிக் கூப்பிடு, அவ திரும்பிப் பாக்க மாட்டா, ஆனா அவளுக்குக் கேக்கும். எனக்கு வேற எதுவும் வேணாம்டி...

எங்க மூணு பேரையும் உன் தங்கச்சி கல்யாணத்துக்குக் கூப்பிடு.